மேட்டை வென்ற சைக்கிள்காரர்

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் பொதுவான எதிரி ஒன்று உண்டு. அதுதான் மேடு!

சமதரையில் சிட்டாகப் பறக்கும் சைக்கிள், மேட்டைக் கண்டதும் சண்டிமாடு போல் நின்றுவிடும். எழுந்து நின்று மிதித்தாலும் நகராது. மூச்சு வாங்கும். தொடை வலிக்கும். கடைசியில் இறங்கித் தள்ளவேண்டியதுதான். பின்னால் கேரியரில் அரிசி மூட்டையோ, பிள்ளையோ இருந்துவிட்டால் கஷ்டத்தைக் கேட்கவே வேண்டாம்.

இன்று கியர் வைத்த சைக்கிள்கள் வந்துவிட்டன. கைப்பிடியில் உள்ள சிறு விசையை நகர்த்தினால் போதும். பெடல் லேசாகிவிடுகிறது. பள்ளிக்கூடச் சிறுமிகூடப் பாலத்து மேட்டில் இறங்காமல் ஏறிவிடுகிறாள்.

இந்த வசதி சும்மா வந்துவிடவில்லை. இதற்காக ஒரு மனிதர் 40 ஆண்டுகள் போராடினார். ஒரு கையில் பேனா, மறு கையில் சைக்கிள் என்று வாழ்ந்தார். வீரர்கள் சிரித்தார்கள். பந்தயக்காரர்கள் ஒதுக்கினார்கள். அவர் தளரவில்லை. ஆனால், முழு வெற்றியைக் காணுமுன்பே கண்ணை மூடிவிட்டார்.

அவர் பெயர் பால் தெ விவி. பிரான்ஸ் தேசத்துக்காரர். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். அந்தப் பெயரால்தான் சைக்கிள் உலகம் அவரை அறியும்.

பட்டு வியாபாரி

1853-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி, தென் பிரான்சில் பெர்ன் என்ற சிற்றூரில் வெலோசியோ பிறந்தார். வெயிலும் காற்றும் நிறைந்த பூமி அது. வென்டூ என்ற பெரிய மலை அங்கே தலை தூக்கி நிற்கிறது. அதன் உயரம் 1,900 மீட்டருக்கு மேல்.

வாலிப வயதில் அவர் பட்டுத் தொழிலில் இறங்கினார். செயின்ட் எத்தியேன் என்ற நகரம் அவருடைய ஊராயிற்று. நிலக்கரிச் சுரங்கங்களும், துப்பாக்கிப் பட்டறைகளும், பட்டு ரிப்பன் நெய்யும் தறிகளும் நிறைந்த ஊர் அது. சுற்றிலும் மலைகள்.

முப்பது வயதுக்குள் சொந்த வியாபாரம் வந்துவிட்டது. குடும்பம் வந்துவிட்டது. நல்ல படிப்பு இருந்தது. பழைய கிரேக்க, லத்தீன் நூல்களில் அவருக்குப் பிரியம் அதிகம். ஊரில் மதிப்பான மனிதர். அப்படியே இருந்திருந்தால், பணக்காரப் பட்டு வியாபாரியாக வாழ்ந்து மறைந்திருப்பார்.

ஆனால் 1881-ம் ஆண்டில் அவர் ஒரு சைக்கிள் வாங்கினார். அதோடு அவர் வாழ்க்கை திசை மாறியது.

ஆள் உயரச் சக்கரம்

அக்காலத்துச் சைக்கிளை இன்று பார்த்தால் சிரிப்பு வரும். முன்சக்கரம் மார்பளவு உயரம் இருக்கும். பின்சக்கரமோ சின்னஞ்சிறியது. செயின் கிடையாது. பெடல் முன்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும். அந்த உயரத்தில் ஏறி உட்காருவதே ஒரு வித்தை. வழியில் ஒரு கல் தடுக்கினால் தலைகுப்புற விழவேண்டியதுதான்.

அந்தச் சைக்கிளில் 6 மணி நேரத்தில் 100 கிலோமீட்டர் போக முடியுமா என்று ஒரு நண்பர் பந்தயம் கட்டினார். வெலோசியோ ஒப்புக்கொண்டார். மலைப்பக்கம் சைக்கிளைத் திருப்பினார்.

அந்தப் பயணத்தில் அவர் கண்டது வேகத்தை மட்டும் அல்ல. காலைக் காற்று, அமைதியான கிராமத்துப் பாதை, காட்டு மரங்களின் வாசனை, வயிறாரப் பசி எல்லாவற்றையும் கண்டார். வியாபாரக் கணக்கில் கிடைக்காத ஒரு சந்தோஷம் அங்கே கிடைத்தது.

அதன்பிறகு சைக்கிள் பித்து அவரைப் பிடித்துக்கொண்டது. அப்போது சைக்கிள் தொழிலில் இங்கிலாந்துதான் முன்னணியில் இருந்தது. அந்த நாட்டின் கவன்ட்ரி நகரத்துக்குப் போய்ப் புதுப்புது வண்டிகளைப் பார்த்து வந்தார்.

1887-ம் ஆண்டில் அவர் ஒரு துணிச்சலான முடிவு செய்தார். பட்டு வியாபாரத்தை விற்றுவிட்டார்! செயின்ட் எத்தியேனில் சைக்கிள் கடை திறந்தார். அதே ஆண்டில் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். நாளடைவில் அதன் பெயர் 'லெ சிக்லிஸ்த்' என்று நிலைத்தது. சைக்கிள்காரர் என்று பொருள்.

லாபம் தரும் பட்டை விட்டு, யாரும் நம்பாத இரும்புச் சக்கரத்தைப் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 34.

துப்பாக்கி ஊரில் சைக்கிள்

செயின்ட் எத்தியேன் தொழிலாளர்கள் கைத்திறன் மிக்கவர்கள். துப்பாக்கி செய்த கைகள் சைக்கிள் செய்யவும் பழகிக்கொண்டன. பிரான்சின் முதல் நவீன சைக்கிளை 1886-ம் ஆண்டில் இந்த ஊர்ச் சகோதரர்கள்தான் செய்தார்கள் என்று சொல்வார்கள். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. நடுவில் பெடல். பின்சக்கரத்துக்குச் செயின். இன்று நம் தெருவில் ஓடும் சைக்கிளின் பாட்டன் அது.

1889-ம் ஆண்டில் வெலோசியோவும் ஒரு சைக்கிளை உருவாக்கினார். 'லா கொலுவாஸ்' என்று பெயர் வைத்தார். நல்ல சைக்கிள்தான். ஆனால் மேடு என்றால் அதுவும் முரண்டு பிடித்தது.

புகைக் குழாய் மனிதர்

செயின்ட் எத்தியேனுக்குத் தெற்கே ஒரு கணவாய் இருக்கிறது. ஊரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தூரம் ஏறிக்கொண்டே போகவேண்டும். உயரம் 1,161 மீட்டர். இருபுறமும் ஊசியிலை மரக் காடுகள். அதனால் அதற்குப் பெருங்காட்டுக் கணவாய் என்று பெயர். குடியரசுக் கணவாய் என்றும் சொல்வார்கள்.

தார் ரோடு அப்போது ஏது? கப்பிக் கல்லை உடைத்துப் போட்டு அழுத்திய ரோடுதான். வெயிலில் புழுதி. மழையில் சேறு. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய தடங்களில் சக்கரம் மாட்டிக்கொள்ளும்.

ஒருநாள் வெலோசியோ அந்த மேட்டில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய பத்திரிகையின் வாசகர் ஒருவர் பின்னாலிருந்து வந்தார். வாயில் புகைக் குழாய்! நிதானமாகப் புகைத்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

வெலோசியோ திகைத்துப் போனார். தம்மைவிட அவர் பலசாலியா? இல்லை. அவருடைய சைக்கிளில் பல்சக்கரத்தின் அளவு வேறு. ஒரு மிதிக்குக் குறைந்த தூரம் போகும்படி அமைந்திருந்தது. அதனால் மிதிப்பது சுலபமாக இருந்தது.

அப்படியானால் தாமும் அதே அளவை வைத்துக்கொள்ளலாமே? அதில் ஒரு சிக்கல் இருந்தது. மேட்டில் சுகம் தரும் அளவு, சமதரையில் ஆமை வேகம்தான் தரும். கால் சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டி நகராது.

மேட்டுக்கு ஒன்று வேண்டும். சமதரைக்கு ஒன்று வேண்டும். ஒரே சைக்கிளில் இரண்டும் வேண்டும்! இந்த எண்ணம்தான் அவருடைய வாழ்நாள் வேலை ஆயிற்று.

கணக்கு எளிது

கியரின் ரகசியம் ஒன்றும் பெரிய வித்தை அல்ல. முன்னால் பெடலோடு சுற்றும் சக்கரத்தில் 48 பல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தில் 16 பல். பெடலை ஒரு சுற்று சுற்றினால், பின்சக்கரம் 3 சுற்று சுற்றும். வண்டி 6 மீட்டருக்கு மேல் ஓடும்.

முன்னால் 32 பல் மட்டும் இருந்தால், பின்சக்கரம் 2 சுற்றுதான் சுற்றும். 4 மீட்டர் சுமாருக்கு ஓடும். தூரம் குறைவு. ஆனால் காலுக்குப் பாரமும் குறைவு.

பெரிய அண்டா நிறையத் தண்ணீரை ஒரே நடையில் தூக்கப் பலசாலி வேண்டும். அதே தண்ணீரைச் சிறு குடங்களில் பல நடையாக யாரும் சுமந்துவிடலாம். வந்து சேரும் தண்ணீர் ஒன்றுதான். கியரும் அப்படித்தான்.

வெலோசியோ முதலில் இரண்டு அளவுள்ள பல்சக்கரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேடு வந்தால் இறங்கவேண்டும். செயினைக் கையால் எடுத்து வேறு பல்லில் மாட்டவேண்டும். விரலெல்லாம் மசி. பிறகு சைக்கிளின் இடது பக்கத்திலும் பல்சக்கரம் வைத்து, நான்கு வேகங்கள் கிடைக்கச் செய்தார்.

கியரை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்திலும் பிரான்சிலும் பலர் முயன்றுகொண்டிருந்தார்கள். யார் புதிதாக எதைச் செய்தாலும் வெலோசியோ அதை வாங்கித் தம் சைக்கிளில் மாட்டிப் பார்ப்பார். மலை ஏறிச் சோதிப்பார். நல்லது கெட்டதை மறைக்காமல் பத்திரிகையில் எழுதுவார்.

அவர் எழுத்தைப் படித்து, ஊர்ப் பட்டறைகளில் மேலும் மேலும் புதுக் கருவிகள் பிறந்தன. கடைசியில், ஓட்டும்போதே செயினை ஒரு பல்லிலிருந்து தள்ளி அடுத்த பல்லில் ஏற்றும் கருவி வந்தது. பிரெஞ்சு மொழியில் அதற்கு 'தெரையர்' என்று பெயர். தடம் புரள வைப்பது என்று அர்த்தம். ரெயில் தடம் புரண்டால் ஆபத்து. சைக்கிள் செயின் தடம் புரண்டால் நன்மை!

குண்டு டயர்

வெலோசியோவின் இன்னொரு கொள்கை அகலமான டயர்.

காற்றடைத்த டயரை 1888-ம் ஆண்டில் டன்லப் என்பவர் கொண்டுவந்தார். பந்தயக்காரர்கள் நாளடைவில் மெல்லிய டயரையே விரும்பினார்கள். மெலிதாக இருந்தால் வேகம் அதிகம் என்பது அவர்கள் நம்பிக்கை.

வெலோசியோ இதை ஏற்கவில்லை. கப்பி ரோட்டில் மெல்லிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். துள்ளும்போதெல்லாம் சக்தி வீணாகும். உடம்பு குலுங்கும். அகலமான டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். வண்டி வழுக்கிக்கொண்டு போகும். நீண்ட தூரம் போகிறவருக்கு அதுவே வேகம், அதுவே சுகம் என்று அவர் வாதாடினார்.

வீரர்களின் ஏளனம்

சைக்கிள் உலகம் அவரைப் பாராட்டி இருக்கவேண்டும் அல்லவா? நடந்தது வேறு.

பந்தய வீரர்கள் கியரைக் கேவலமாக நினைத்தார்கள். ஒரே பல்லில் மிதித்து மேடு ஏறுவதுதான் ஆண்மை. கியர் என்பது கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வைத்த ஊன்றுகோல். இதுதான் அவர்கள் எண்ணம்.

அந்தக் கட்சியின் தலைவர் போல நின்றவர் ஆன்ரி தெகிராஞ்ச். அவரும் சாமானியர் அல்ல. 1893-ம் ஆண்டில் ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை செய்தவர். பிறகு விளையாட்டுப் பத்திரிகை ஆசிரியர் ஆனார். கியர் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் பொருத்தம் என்பது அவர் தீர்ப்பு.

1902-ம் ஆண்டில் டூரிங் கிளப் என்ற பிரெஞ்சு யாத்திரைச் சங்கம் மலைப்பாதைகளில் ஒரு சோதனை நடத்தியது. பல வகைச் சைக்கிள்கள் வந்தன. மார்த் எஸ் என்ற பெண்மணியும் வந்தார். அவர் ஏறியது மூன்று கியர் வைத்த கொலுவாஸ் சைக்கிள்.

அந்தப் பெண்மணி தரையில் கால் ஊன்றாமலேயே மலை ஏறிக் காட்டினார்! வெலோசியோ பல ஆண்டுகளாகச் சொல்லி வந்ததற்குக் கண்கண்ட சாட்சி கிடைத்தது.

ஆனாலும் பிடிவாதம் மாறவில்லை. அடுத்த ஆண்டு, 1903-ல், தெகிராஞ்ச் ஒரு மாபெரும் பந்தயம் தொடங்கினார். அதுதான் இன்று உலகப் புகழ் பெற்ற 'டூர் தெ பிரான்ஸ்'. அந்த முதல் பந்தயமே வெலோசியோவின் பெருங்காட்டுக் கணவாயைக் கடந்து போயிற்று. வீரர்கள் அந்த மேட்டை வழக்கமான சைக்கிளிலேயே கடந்தார்கள்.

பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்குத் தடை நீடித்தது. வீரர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் வேறு வேறு பல்சக்கரம் வைத்துக்கொண்டார்கள். மலை அடிவாரம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். உச்சி வந்ததும் மறுபடி கழற்றுவார்கள். குளிரில் விரல் விறைத்தாலும் அதுதான் விதி.

யாருக்காகப் போராட்டம்?

வெலோசியோ நினைத்திருந்தால் ஒதுங்கிப் போயிருக்கலாம். கடையைப் பெருக்கிப் பணம் சேர்த்திருக்கலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. கடை சிறு கடையாகவே இருந்தது. பத்திரிகை நின்றுவிடாமல் வந்துகொண்டிருந்தது.

அவர் கண்முன் இருந்தவர்கள் பந்தய வீரர்கள் அல்லர். வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் குமாஸ்தா, பட்டறைத் தொழிலாளி, வீட்டுவேலையில் உழலும் பெண், தலை நரைத்த பெரியவர் இவர்கள்தான். மலைக்காற்று பலசாலிக்கு மட்டும் சொந்தமா? உச்சியில் நின்று சூரியோதயம் பார்க்க, புலிபோலத் தொடை வேண்டுமா? வேண்டாம் என்பதே அவர் கட்சி.

சைக்கிளில் ஊர் சுற்றுவது உடம்புக்கு மருந்து, மனதுக்கு விருந்து என்று அவர் நம்பினார். பிரான்சில் அவரைச் சைக்கிள் யாத்திரையின் தந்தை என்று அழைக்கிறார்கள்.

அவரைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. செயின்ட் எத்தியேன் பள்ளி என்று அதற்குப் பெயர். கட்டடம் கிடையாது. மலைப்பாதைதான் பள்ளிக்கூடம். ஆண்களும் பெண்களும் அவரோடு புறப்படுவார்கள். இரவெல்லாம் ஓட்டி, விடியும்போது வெகுதூரத்தில் இருப்பார்கள். ஈஸ்டர் பண்டிகை வந்தால் தெற்கே, தாம் பிறந்த வெயில் பூமியை நோக்கிச் சைக்கிளைத் திருப்புவார் வெலோசியோ.

அவர் மாமிசம் உண்பதில்லை. உலக மக்கள் எல்லோரும் பேசுவதற்காக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் ஆர்வம் காட்டினார்.

சைக்கிள் யாத்திரை போகிறவர்களுக்கு அவர் ஏழு விதிகள் வகுத்தார். அவற்றின் சாரம் இதுதான். அடிக்கடி நின்று நேரம் போக்கக்கூடாது. பசிக்குமுன் கொஞ்சம் சாப்பிடவேண்டும். தாகம் வருமுன் குடிக்கவேண்டும். இரவு தூக்கம் கெடும் அளவுக்குக் களைக்கக்கூடாது. வழியில் மது, மாமிசம், புகை ஆகாது. சக்திக்கு மீறி மிதிக்கக்கூடாது. முக்கியமாக, பிறர் மெச்சவேண்டும் என்பதற்காக ஓட்டக்கூடாது.

இந்த விதிகள் சைக்கிளுக்கு மட்டுமா பொருந்தும்?

ஊரே ஏறிய மேடு

காலம் ஓடியது. கியர் வைத்த சைக்கிள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரண மக்களிடம் பரவியது. பந்தய மைதானம் கதவடைத்தாலும், கிராமத்துச் சாலைகள் வழி விட்டன.

1922-ம் ஆண்டில் செயின்ட் எத்தியேன் சைக்கிள்காரர்கள் ஒரு விழா எடுத்தார்கள். வெலோசியோ நாள் என்று பெயர். எல்லோரும் கூடி அந்தப் பெருங்காட்டுக் கணவாய்க்குச் சைக்கிளில் ஏறினார்கள். ஒரு காலத்தில் அவர் முக்கி முனகி ஏறிய அதே மேடு! அவரைப் பெருமைப்படுத்த ஊரே ஏறியது. அப்போது அவருக்கு வயது 69. அதன்பின் பல பத்தாண்டுகள் அந்த விழா தொடர்ந்து நடந்தது.

எழுபதைத் தாண்டிய பிறகும் அவர் சைக்கிளை விடவில்லை. தாம் சொன்னதற்குத் தாமே சாட்சியாக வாழ்ந்தார்.

1930-ம் ஆண்டு. குளிர்காலம் இன்னும் முடியவில்லை. செயின்ட் எத்தியேன் தெருவில் அவர் சைக்கிளைக் கையில் பிடித்து நடந்து சென்றார். போக்குவரத்து நிறைந்த இடம். எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கினார். அப்போது டிராம் வண்டி அவர்மீது மோதிவிட்டது.

எத்தனையோ மலைகளில் இரவும் பகலும் சைக்கிள் ஓட்டிச் சேதமில்லாமல் திரும்பியவர், சொந்த ஊர்த் தெருவில் உயிர் இழந்தார். அப்போது அவருக்கு வயது 76.

காலம் சொன்ன தீர்ப்பு

அவர் மறைந்து 7 ஆண்டுகள் கழிந்தன. 1936-ல் தெகிராஞ்ச் உடல்நலக் குறைவால் பந்தயப் பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டு, 1937-ல், டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவி அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டு வென்ற ரோஜே லாபெபியும் அந்தக் கருவியைப் பயன்படுத்தினார்.

ஊன்றுகோல் என்று ஏளனம் செய்யப்பட்டது, வீரர்களின் வாளாக மாறிவிட்டது! அன்றிலிருந்து கியர் இல்லாமல் அந்தப் பந்தயத்தை நினைத்துப் பார்க்க முடியாது.

அகலமான டயருக்கும் காலம் வந்தது. மெல்லிய டயர்தான் வேகம் என்ற நம்பிக்கை இப்போது மாறிவிட்டது. கரடுமுரடான பாதையில் அகலமான டயரே நன்றாக ஓடும் என்பதைப் பந்தயக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

இன்று பல நாடுகளில் ஒரு புது வழக்கம் பரவி இருக்கிறது. லாரியும் காரும் பறக்கும் தார் ரோட்டை விட்டு, சைக்கிள்காரர்கள் சரளைப் பாதையைத் தேடிப் போகிறார்கள். வயல் ஓரத்து வண்டித்தடம், காட்டு வழி, ஏரிக்கரை என்று சுற்றுகிறார்கள். அதற்கென்றே தனி சைக்கிள்கள் வந்திருக்கின்றன. 'கிராவல் பைக்' என்று பெயர். சரளைப் பாதைச் சைக்கிள் என்று அர்த்தம். அகலமான டயர், மேடு ஏற லேசான கியர். இவைதான் அதன் முக்கிய அம்சங்கள்.

இரண்டும் வெலோசியோ நூறு ஆண்டுகளுக்கு முன் வாதாடியவைதான்.

பெருங்காட்டுக் கணவாயின் உச்சியில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பி இருக்கிறார்கள். அங்கே வரும் சைக்கிள்காரர்களில் வாலிபர்களும் உண்டு, வயதானவர்களும் உண்டு. பெண்களும் உண்டு. இறங்கித் தள்ளாமலே ஏறி வந்துவிடுகிறார்கள்.

அதைவிட நல்ல நினைவுச் சின்னம் அவருக்கு வேறு என்ன வேண்டும்!